வெள்ளப் பலகையும் மாக்கோலமும்

மூன்று வாரமாக மழை இல்லை. சிங்கப்பூர் தேக்காவில் அரவை மில் நடத்தும் சரஸ்வதிக்கு அதில் குறையும் இல்லை. மிளகாய் தொட்டால் ஒடிந்தது. கடைக்கு அடியில், படி இறங்கும் கீழ்த்தளத்தில் அரவை இயந்திரம், அதைச் சுற்றி தீபாவளிக்கென வாங்கிய நாற்பது மூட்டை மிளகாயும் மல்லியும்.

பிற்பகல் மூன்று மணிக்கு ஹஸீனா வந்தாள். கடைகளின் வெள்ளப் பலகைகளைப் பரிசோதிப்பது அவள் வேலை. சரஸ்வதியின் கடைக்கும் ஒன்று உண்டு. இடுப்பளவு அலுமினியப் பலகை. மேலிருந்து இறக்கினால் அதன் அடி, வாசலில் ஒரு விரல் அகலத்துக்கு வெட்டிய பள்ளத்தில் உட்காரும். தெருத் தண்ணீர் உள்ளே வராது.

“இது ஆகஸ்டு. டிசம்பர்ல வா லா” என்றாள் சரஸ்வதி.

“மழை இப்பல்லாம் காலண்டர் பாக்குறதில்ல, ஆன்ட்டி.”

“மூணு வாரமா ஒரு சொட்டு இல்லையே.”

“அதான் எனக்குப் பயம். காத்து சூடாக ஆகத் தண்ணிய ஜாஸ்தி இழுத்து வச்சுக்கும். கடல்லேருந்து, மண்ணுலேருந்து, உங்க தொட்டிச் செடிலேருந்து. நாள் கணக்கா சேத்து வச்சு, ஒரு மணி நேரத்துல கொட்டிடும்.”

அவள் சொல்லி முடிக்கவும் வெளிச்சம் குறையவும் சரியாக இருந்தது. எதிர்க்கடை மறைந்தது. மழை, மூட்டையை அவிழ்த்துக் கவிழ்த்தது போல விழுந்தது. இருபதாவது நிமிடம் இருவர் கைப்பேசிகளும் எச்சரிக்கையோடு சிணுங்கின. கால்வாய் நிரம்பப் போகிறது.

ஹஸீனா பலகையை இறக்கினாள். அது உட்காரவில்லை. பள்ளத்துக்குள் எதிலோ முட்டி நின்றது; அடியில் இரண்டு விரல் இடைவெளி. குப்புறப் படுத்து விளக்கடித்துப் பார்த்தாள்.

“சிமெண்ட் மாதிரி வெள்ளையா அடைச்சிருக்கு. யார் பூசினது?”

சரஸ்வதி குனிந்து பார்த்தாள். மற்றக் கடைகளில் ஸ்டிக்கர் கோலத்தை வாங்கி ஒட்டினார்கள். அவள் ஒட்டமாட்டாள். வெள்ளிதோறும் தன் மில் பச்சரிசி மாவைக் கரைத்துப் பெரிய கோலமாகப் போடுவாள். வழிந்த மாவு பள்ளத்தில் இறங்கிக் காய்ந்திருக்கிறது. மூன்று வருஷ வெள்ளிகள்.

“என் கோலம்” என்றாள்.

ஹஸீனா சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. “சுரண்ட அரை மணியாகும். தண்ணிக்குப் பத்து நிமிஷம் போதும். உளுத்தம் மாவு இருக்கா?”

“மில்லுல வந்து மாவு இருக்கான்னு கேக்குற.”

இருவரும் பிசைந்தார்கள். அப்பளத்துக்குப் பிசைவது போல இறுக்கமாக. சரஸ்வதி உள்ளிருந்து இடைவெளியில் திணிக்கப் போனாள். ஹஸீனா அவள் கையைப் பிடித்தாள்.

“உள்ளேருந்து வச்சா தண்ணி தள்ளிவிட்டுடும். வெளியேருந்து வைக்கணும். அப்பத் தண்ணியே அழுத்திப் பிடிச்சுக்கும்.”

பலகையைத் தாண்டி மழையில் குதித்தாள். கணுக்கால் தண்ணீரில் மண்டியிட்டு, மாவை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை கட்டைவிரலால் அழுத்தினாள். அவசரமே இல்லாத விரல். முப்பது வருஷமாக மாவில் கை வைத்தவள் சரஸ்வதி. இத்தனை சீரான கையை அவள் பார்த்ததில்லை.

தண்ணீர் முழங்காலுக்கு ஏறியது. ஹஸீனா உள்ளே தாவி வந்தாள். பலகை முனகியது. ஒரு மூலையில் மட்டும் வெள்ளையாகக் கசிந்தது. சரஸ்வதி துணியை வைத்தாள். கீழ்த்தளப் படிகளைப் பார்த்தபடியே நின்றாள். முதல் படி நனையவில்லை.

ஹஸீனா வீட்டுக்குப் பேசினாள். “எங்க வீட்டுப் பக்கம், புக்கிட் பாத்தோக்ல வெயிலாம், ஆன்ட்டி. அம்மா துணி காயப் போடுறாங்க.”

ஐந்தரைக்குத் தண்ணீர் வடிந்து தெரு தெரிந்தது. சரஸ்வதி கீழே இறங்கி ஒவ்வொரு மூட்டையின் அடியிலும் கை வைத்தாள். எல்லாம் காய்ந்திருந்தன. இயந்திரத்தை ஒருமுறை ஓட்டி நிறுத்தினாள்.

மேலே ஹஸீனா பலகையைத் தூக்கி வைத்துவிட்டு, வாசலில் உட்கார்ந்து உளியால் பள்ளத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். சரஸ்வதி அவள் பக்கத்தில் ஒரு டம்ளர் டீயை வைத்தாள்.

“குடு அத. போட்டவ நானு.”

உளியை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.