குழியில் இறங்கும் முன்

தேர்வுக்காக மூன்றாவது முறையாக, நட்டு தன் தலையில் விஆர் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டாள். லிஃப்ட் பழுதுபார்க்கும் அந்த நிறுவனத்தில் அவளுக்கு 'நட்டு' என்றுதான் பெயர். ஆள் சின்னது, ஓரிடத்தில் உட்கார்ந்துவிட்டால் லேசில் கழலாது.

"இல்லாத ஏணியில சாஞ்சு, இருக்கற இடுப்ப உடைச்சுக்காதம்மா," என்றார் வரிசையில் அடுத்து நின்ற தாடி அண்ணன்.

முதல் தேர்வில் அப்படித்தான் விழுந்தாள். ஹெட்செட்டுக்குள் தெரிந்த ஏணி அவ்வளவு அசல். நம்பிச் சாய்ந்தவள் பயிற்சி அறையில் மல்லாந்து கிடந்தாள். ஒரு வாரம் எல்லாரும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

"உங்க முறையும் வரும்ல அண்ணே, பாக்கறேன்."

விழுந்ததற்கு மதிப்பெண் குறையவில்லை. குறைந்தது வேறொன்றுக்கு. லிஃப்டுக்கு அடியிலுள்ள குழிக்குள் இறங்குவதற்கு முன், வாசலில் நின்றபடியே கையை நீட்டி, லிஃப்டை நிறுத்தும் சுவிட்சை அழுத்த வேண்டும். அழுத்தியதும் ஹெட்செட்டில் ஒரு பச்சை அம்பு, 'இறங்கு' என்று கீழே காட்டும். நட்டு இறங்கமாட்டாள். கதவைச் சாத்திவிட்டு, லிஃப்டைக் கூப்பிடும் பொத்தானை அழுத்தி, அது அசைகிறதா என்று பார்ப்பாள். அசையவில்லை என்றால்தான் உள்ளே கால் வைப்பாள். தேர்வை உருவாக்கிய புண்ணியவான் இதை யோசிக்கவே இல்லை. 'தேவையற்ற செயல்' என்று சிவப்பில் மின்னும். பத்து மதிப்பெண் போய்விடும். தேறுவதற்குத் தொண்ணூற்றைந்து வேண்டும்.

இன்றும் தேறாவிட்டால் லிஃப்ட் பக்கமே போக முடியாது. நாளை முதல் போனில் வரும் புகாரைக் குறித்துக்கொள்ளும் வேலை என்று இடமாற்றத் தாள் மேஜைமேல் தயாராக இருந்தது. எட்டு வருடம் கிரீஸும் கையுமாகத் திரிந்தவள் அவள்.

"ஒரு நிமிஷ வேலைம்மா," என்றார் பயிற்சி அதிகாரி. "அது சொல்றபடி செஞ்சுட்டு வெளிய வந்துடு. நிஜ லிஃப்ட்ல உன் இஷ்டத்துக்குப் பண்ணிக்க."

காலையில் பஸ்ஸில் வரும்போது நட்டுவும் அதையேதான் நினைத்திருந்தாள். பொம்மை லிஃப்ட்தானே, வந்து நசுக்கவா போகிறது?

சுவிட்சை அழுத்தினாள். பச்சை அம்பு மின்னியது. காலும் உயர்ந்துவிட்டது.

அப்போதுதான் அந்த அடுக்குமாடிக் கட்டடம் நினைவுக்கு வந்தது. இரண்டு வருடத்துக்கு முன் இதே மாதிரி சுவிட்சை அழுத்தி, கதவைச் சாத்தி, பொத்தானைத் தட்டினாள். நின்றிருக்க வேண்டிய லிஃப்ட் ஜம்மென்று இறங்கி வந்து, மணியடித்து, அவள் முன்னால் கதவைத் திறந்தது. சுவிட்சுக்குள் ஒயர் பழுது. அன்று படிக்கட்டில் உட்கார்ந்தவளுக்கு எழுந்திருக்க வெகுநேரம் ஆயிற்று.

உயர்ந்த கால் பழைய இடத்துக்கே திரும்பியது. கதவைச் சாத்தினாள். பொத்தானை அழுத்தினாள்.

அவள் பார்ப்பதையெல்லாம் சுவரிலிருந்த டிவி காட்டிக்கொண்டிருந்தது. 'தேவையற்ற செயல்.' அறையே அதைப் படித்தது.

அதிகாரி பெருமூச்சு விட்டுத் தாளை நகர்த்தினார். "கையெழுத்துப் போடும்மா."

"ஏன் ஃபெயில் ஆனேன்னும் எழுதுங்க சார்."

"அதுக்கு இதுல கட்டம் இல்ல."

"அப்ப என் கையெழுத்துக்கும் கட்டம் இல்லன்னு வெச்சுக்குங்க."

பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். தப்புப் பண்ணிவிட்டோமோ?

தாடி அண்ணன் ஹெட்செட்டை மாட்டினார். டிவியில் அவருடைய கை சுவிட்சை அழுத்தியது. பச்சை அம்பு மின்னியது. கை நிதானமாகக் கதவைச் சாத்திப் பொத்தானைத் தட்டியது.

'தேவையற்ற செயல்.'

"என்னங்க, நீங்களுமா!" என்றார் அதிகாரி.

"நட்டு தப்பிச்ச அந்த லிஃப்ட்ல ஒயர மாத்தினது நான்தான் சார்," என்றார் அண்ணன். "அப்போலேர்ந்து கை கேக்க மாட்டேங்குது."

அடுத்து நின்றவருக்கும் கை கேட்கவில்லை. அதற்கடுத்தவருக்கும்தான். ஐந்தாவது ஆள் ஹெட்செட்டுக்குக் கையை நீட்டியபோது அதிகாரி அதைப் பிடுங்கிக்கொண்டார். "எல்லாரையும் போன் எடுக்க அனுப்பிட்டா லிஃப்ட யாரு பாக்கறது?"

"அதையும் மேல கேளுங்க சார்," என்றாள் நட்டு.

அவர் ஹெட்செட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஏழாவது மாடி மேலாளரைப் பார்க்கக் கிளம்பினார். அறைக்கு வெளியே லிஃப்ட் வந்து கதவைத் திறந்தது. உள்ளே ஒரு காலை வைக்கப் போனவர் தயங்கினார்.

"தைரியமா ஏறுங்க சார்," என்றாள் பின்னாலேயே வந்த நட்டு. கையெழுத்தில்லாத தாளை அவர் கையில் வைத்தாள். "போன வாரம் இந்த லிஃப்ட் குழியில இறங்கிப் பாத்தது நான்தான்."