கதவை மறைத்த படம்

படமெடுக்கிறவர்கள் வட்டாரத்தில் அவனுக்குப் பனிமூட்டம் என்று பட்டப்பெயர். அவன் எடுத்த படத்தில் ஆளின் கண்ணிமை முடியை ஒவ்வொன்றாக எண்ணலாம். பின்னால் இருப்பது மாளிகையா குப்பைமேடா என்று யாராலும் சொல்ல முடியாது. அந்தப் பெயரில் அவனுக்கு உள்ளூரப் பெருமைதான். லென்ஸை முழுக்கத் திற, ஆளை நெருங்கு, ஆளைச் சுவரிலிருந்து தள்ளி நிறுத்து, பின்னணி தானாகக் கரையும். கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் இதைச் சொல்லிக் கழுத்தை அறுப்பான்.

அக்கா அவன் ஸ்டுடியோவுக்கு வந்தது மெத்தை கம்பெனி எரிந்த பதினேழாம் நாள். பின்கதவு வரை ஓடிப்போய் அங்கேயே ஒன்பது பேர் செத்திருந்தார்கள். அத்தானும் அதில் ஒருவர். கதவு பூட்டியே இல்லை, மேற்பார்வையாளர்தான் பதறிப்போய் ஆட்களைப் புகைக்குள் நிறுத்திக் கொன்றுவிட்டார் என்று கம்பெனி கூசாமல் சொன்னது. மேற்பார்வையாளர் என்றால் அத்தான். தீ அணைந்த மறுநாளே கதவையும் சங்கிலியையும் பழைய இரும்புக்குப் போட்டாயிற்று. மிச்சமிருந்த தொழிலாளிகள் வாயைத் திறக்கவில்லை. அவர்கள் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டுமே.

"கம்பெனியில விருது கொடுத்தப்போ அத்தானை நீதானேடா படம் எடுத்தே? அந்தக் கதவு முன்னாடிதானே?" என்றாள் அக்கா.

கம்ப்யூட்டரில் திறந்து காட்டினான். அத்தானின் முகம், மீசையில் இரண்டு நரை, சவரம் செய்யும்போது பட்ட சின்னக் கீறல். பின்னால் சாம்பல் நிறத்தில் ஒரு மெழுகல், நடுவே மஞ்சளாக ஒரு திட்டு.

"அந்த மஞ்சள்தான் பூட்டா? கொஞ்சம் தெளிவாக்கேன்."

"முடியாதுக்கா."

"கம்ப்யூட்டர்ல என்னென்னமோ பண்றாங்களே?"

"இல்லாததை வரைஞ்சு வைக்கலாம். அங்க இருந்ததைத் திருப்பிக் கொண்டுவர முடியாதுக்கா."

பதினான்கு படங்களையும் பார்த்தார்கள். ஒன்றில்கூடக் குறி முகத்தை விட்டுக் கதவின்மேல் விழவில்லை. அவ்வளவு சுத்தமான கை! வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் கையின்மேல் அவனுக்கு வெறுப்பு வந்தது.

"லென்ஸ் அப்படிக்கா," என்றான். பாதிப் பொய்.

மீதிப் பாதியை அவளிடம் சொல்லவில்லை. அந்தக் கதவைத் தேடிப்போய் அதில் சாய்ந்து நின்றவரே அத்தான்தான். "படத்துல பூட்டும் விழணும்டா," என்றார். "கதவைப் பூட்டாதீங்கன்னு எழுதிக் கொடுத்துக் கொடுத்துக் கை ஓஞ்சுபோச்சு. இந்தப் படத்தைப் பெரிய ஆபீஸ் சுவர்ல மாட்டுவாங்க. வர்றவங்க போறவங்க ஒருத்தர் கண்ணுலயாவது படட்டும்." அவன்தான் தோளைப் பிடித்து அவரை நாலு எட்டு முன்னால் இழுத்து நிறுத்தினான். இதைச் சொன்னால் அத்தான் பெயர் நிமிரும். ஆனால் சொந்தமென்று அவனுக்கு இருந்தது அக்கா ஒருத்திதான், அவளும் அவனை விட்டுப் போய்விடுவாள். தீ விபத்து பற்றிய அரசு விசாரணைக்கு ஆறு நாள் இருந்தது. ஆறு நாளும் அவளுக்கு போன் செய்வதும் வேறு ஏதோ பேசிவிட்டு வைப்பதுமாகப் போக்கினான்.

விசாரணை அறையில் அக்கா அவன் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். கம்பெனி வக்கீல் படத்தை உயர்த்திப் பிடித்தார். "இது கதவா, ஜன்னல் திரையா? பூட்டு எங்கே சார்?" இரண்டு பேர் சிரித்தார்கள்.

விசாரணை அதிகாரி சிரிக்கவில்லை. "படத்துல இல்லைன்னா போகட்டும். எடுத்தவர் நீங்க. உங்க கண்ணு பார்த்திருக்குமே?"

"பார்த்தேன் சார். சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. தீப்பிடிக்கிறதுக்குப் பதினோரு நாள் முன்னாடி."

"அக்கா புருஷனுக்காகக் கதை கட்டுறார்," என்றார் வக்கீல்.

"பூட்டு தெரியணும்னு அத்தானே கேட்டார் சார். அதுக்காகவே அங்க நின்னார்."

அதிகாரி பேனாவை நிறுத்தினார். "அவர் கேட்டும் நீங்க ஏன் எடுக்கலை?"

"படம் அசிங்கமாயிடும்னு தோணுச்சு."

"அவர்கிட்ட என்ன சொன்னீங்க?"

"'பூட்டைக் காட்டவா அத்தான் நான் இந்தத் தொழிலுக்கு வந்தேன்'னு கேட்டேன். அவர் சிரிச்சுட்டு, நான் இழுத்து நிறுத்தின இடத்துலயே நின்னார்."

எழுந்த வக்கீல் மறுபடி உட்கார்ந்தார். தன் முகத்தில் தானே கரி பூசிக்கொள்ள யாரும் கதை கட்டுவதில்லை என்பது அவருக்கும் தெரியும். அவன் அக்கா பக்கம் திரும்பவில்லை. அவளுடைய நாற்காலி நகரும் சத்தம் மட்டும் கேட்டது. அவள் எழுந்து மேஜையருகே போய் நின்றாள்.

"எங்க வீட்டுக்காரர் கேட்டதை எழுதிக்கிட்டீங்களா சார்?"

"எழுதிட்டேம்மா."

"இவன் சொன்ன பதிலையும் எழுதுங்க."