காய்ச்சல் விட்டுப்போன கிறுகிறுப்பு

மலேரியா போய்விட்டது என்று நர்ஸ் டெபோரா சொல்லிவிட்டாள். விரலில் குத்தி ரத்தம் எடுத்துப் பார்த்து, "சுத்தமா இருக்கு, வீட்டுக்குப் போ" என்று அனுப்பியும் வைத்தாள். கலோகுசாவின் முழங்காலுக்குத்தான் அந்தச் சேதி இன்னும் போய்ச் சேரவில்லை.

எழுந்து நின்றால் தலை கிறுகிறுத்தது. காதுக்குள் ஏதோ ஒரு வண்டு குடியேறிவிட்டது. மீன் கசந்தது, இளநீர் கசந்தது. கிரிவினாத் தீவில் பிறந்தவனுக்குப் பாக்கும் சுண்ணாம்புமே வாயில் சேரவில்லை என்றால் அப்புறம் என்ன இருக்கிறது? "கொஞ்ச நாளைக்கு இப்படித்தான் இருக்கும். நல்லா சாப்பிடு, வெயில்ல வேலை செய்யாதே" என்றாள் டெபோரா. சொல்ல அவளுக்கென்ன! தோட்டத்தில் சிறுவள்ளிக் கொடியெல்லாம் காய்ந்து, கிழங்கு மண்ணுக்குள் காத்துக் கிடக்கிறது.

அதுவும் யாருக்கான கிழங்கு? அக்கா போமகுலாவுக்கு. அந்த ஊர் வழக்கப்படி, அக்கா தங்கை வீட்டுக் களஞ்சியத்தைக் கூடப்பிறந்தவன்தான் நிரப்ப வேண்டும்; அதுதான் சீர். இதில் சாக்குப்போக்குச் சொல்லித் தப்பவும் முடியாது. மரக்கட்டைகளை இடைவெளி விட்டு அடுக்கித்தான் களஞ்சியம் கட்டுவார்கள். உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று வழியில் போகிற நாய்க்குக்கூடத் தெரியும். அது காலியாக நின்றால் அக்கா எந்த முகத்தோடு தண்ணீர் எடுக்கப் போவாள்?

கலோகுசா போனான். நாலு கிழங்கு தோண்டுவான், உட்கார்ந்துவிடுவான். இன்னும் இரண்டு தோண்டுவான், படுத்தே விடுவான். வழியில் போன பெண்கள் சும்மா இருப்பார்களா?

"என்ன கலோகுசா, கிழங்கு தோண்டுறியா, இல்ல காவல் காக்குறியா?"

"காய்ச்சல் போயிடுச்சுன்னு சொன்னாங்களே!"

"போயிடுச்சு. போறப்ப என் எலும்பையும் உருவிக்கிட்டுப் போயிடுச்சு" என்றான் கலோகுசா. அவர்கள் சிரித்துக்கொண்டே போனார்கள். அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

இந்தக் கண்களுக்குத் தப்பத்தான் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நேரத்தில் தோட்டத்துக்குக் கிளம்பினான். பழைய காஸ் சிலிண்டரைத் தட்டி மணியடித்ததும் ஊரே சர்ச்சுக்குள் போய்விட்டது. இவன் பாயில் கிடப்பதாகத்தான் பெண்டாட்டியும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

தோட்டத்தில் ஏற்கெனவே ஒருவன் குனிந்து தோண்டிக்கொண்டிருந்தான். திருடனோ என்று பார்த்தால், அக்கா புருஷன் மொனகேவா! தோண்டிய கிழங்கைச் சிப்பியால் வழித்து, வேர்முடி நீக்கி, கலோகுசாவின் குவியலிலேயே வைத்துக்கொண்டிருந்தான்.

அட கர்மமே! தனக்கு வரவேண்டிய சீரைத் தானே தோண்டுகிற ஆளை யாராவது பார்த்ததுண்டா? வெளியே தெரிந்தால் இரண்டு வீட்டு மானமும் கப்பலேறிவிடும். 'என்னைக் கையாலாகாதவன்னே முடிவு பண்ணிட்டானா?' என்று கலோகுசாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கத்துவதற்காக ஓரடி முன்னே வைத்தான். தலை சுற்றியது. கொடி படர்ந்த கம்பைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டான். கண் தெளிந்து பார்த்தபோது மொனகேவா போய்விட்டிருந்தான். குவியல் மட்டும் இடுப்பளவு உயர்ந்திருந்தது.

கலோகுசா தோண்டுகோலை எடுத்தான். முடிந்ததைத் தோண்டினான். முடியாததெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் தானாகவே முடிந்தது.

சீர் கொண்டுபோன அன்று உறவுக்காரப் பையன்கள் கூடை கூடையாகத் தூக்கிக்கொண்டு கூவியபடி ஓடினார்கள். களஞ்சியம் விளிம்புவரை நிறைந்தது. மொனகேவா வாயைப் பிளந்து நின்றான். "அடேயப்பா! காய்ச்சல்ல கிடந்தவன் தோண்டினதா இது?" எவ்வளவு நடிப்பு! போமகுலா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என் தம்பிடா!" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள். கலோகுசா தரையைப் பார்த்தான்.

அப்போதுதான் கூட்டத்திலிருந்து மொனகேவாவின் தங்கை புருஷன் குரல் கொடுத்தான். "மச்சான்! நோயாளியே அக்காவுக்குத் தோண்டி முடிச்சிட்டான். நீ கல்லுக்குண்டு மாதிரி இருக்கே. உன் தங்கச்சிக்கு இன்னும் பாதித் தோட்டம்கூடத் தோண்டலையே! ஞாயித்துக்கிழமை சர்ச்சுலயும் ஆளைக் காணோம். எங்கதான் போய்த் தூங்குறே?"

ஊரே கொல்லென்று சிரித்தது. மொனகேவா தலையைச் சொறிந்தான். "நான் சோம்பேறிப் பயல், என்ன பண்ணச் சொல்றே?" என்று அவனும் சேர்ந்து சிரித்தான். மறந்தும் கலோகுசாவின் பக்கம் திரும்பவில்லை. அந்தச் சிரிப்பெல்லாம் தன்மேல் விழுந்திருக்க வேண்டியது என்று கலோகுசாவுக்குத் தெரியும். 

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சிலிண்டர் மணி அடித்ததும் தோண்டுகோலை எடுத்துக்கொண்டு கிளம்பினான். வழியில் கண்ட அடிமரத்திலெல்லாம் உட்கார்ந்து எழுந்து, மொனகேவாவின் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தான். தோண்டினான், உட்கார்ந்தான், மறுபடி தோண்டினான். வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. முதுகுக்குப் பின்னால் காலடிச் சத்தம் கேட்டது.

மொனகேவா கையில் கோலோடு நின்றான். "மாப்ள, என் தோட்டத்துல உனக்கு என்ன வேலை?"

கலோகுசா கோலை மறைக்கப் பார்த்தான். அவன் உயரமே இருக்கும் கோலை எங்கே மறைப்பது?

"தலை கிறுகிறுங்குது மச்சான்" என்றான். "எது உன் தோட்டம், எது என் தோட்டம்னே தெரிய மாட்டேங்குது. காய்ச்சல் போனாலும் இது கொஞ்ச நாளைக்கு இருக்கும்னு நர்ஸ் சொன்னா."

மொனகேவா சின்னக் குவியலைப் பார்த்தான். நடுங்குகிற முழங்காலைப் பார்த்தான். அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"அது ஒட்டுவாரொட்டி போலிருக்கு மாப்ள" என்றான். "கொஞ்ச வாரமா எனக்கும் அதே கிறுகிறுப்புதான்."

பக்கத்தில் உட்கார்ந்து, தோளில் மாட்டியிருந்த கூடையிலிருந்து ஒரு பாக்கை எடுத்துப் பிளந்து பாதியை நீட்டினான். கலோகுசா வாங்கி வாயில் போட்டுக்கொண்டான். இன்னும் கசக்கத்தான் செய்தது. ஆனாலும் துப்பாமல் மென்றான்.

"சரி, அந்த வரிசையை நான் பார்த்துக்கறேன்" என்று எழுந்தான் மொனகேவா. "நீ உக்காந்துக்கிட்டே தோண்டு."