பெடலில் வைத்த கால்

"அமுக்கு" என்று பின்பக்கமிருந்து குரல் வந்தது. டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்த அவள் பிரேக் பெடலை அமுக்கினாள். "விடு." விட்டாள். "அமுக்கு. அப்படியே பிடி." பிடித்தாள். பெடல் அவள் காலுக்கடியில் மெல்ல இறங்கித் தரையில் படுத்தது. பின்சக்கரத்தைக் கழற்றிய இடத்தில் கணவன் ஒரு சின்ன நட்டைத் திறந்திருக்கிறான் என்று அர்த்தம். அதில் செருகிய குழாய் வழியாக எண்ணெயும் காற்றுக் குமிழும் கீழே வைத்த பாட்டிலுக்குள் போகும். அவன் நட்டை மூடி "விடு" என்று சொன்ன பிறகுதான் அவள் காலை எடுக்க வேண்டும். முந்திக்கொண்டால் போன காற்று திரும்பி வந்துவிடும். காலையிலிருந்து இதை எத்தனை தடவை செய்தார்கள் என்பது அவளுக்கு மறந்துவிட்டது.

பதினெட்டு வருஷம் அவன் ஒரே பட்டறையில் மெக்கானிக். ஆறு மாதத்துக்கு முன்னால் ஜாக்கி சரிந்து வலது முன்னங்கை நசுங்கியது. எலும்பு கூடிவிட்டது, நரம்பு சரியாகும்போது சரியாகும் என்றார் டாக்டர். போன வாரம் முதலாளி வீட்டுக்கு வந்து, ஷெட்டில் தூசி படிந்து கிடந்த இந்தக் காரைப் பார்த்தார். "உன் வண்டி பிரேக்கை நீயே சரி பண்ணி, நீயே ஓட்டிட்டு திங்கக்கிழமை வா. உன் இடம் அப்படியே இருக்கு" என்றார். அன்றிலிருந்து அவன் விசிலடிக்கிறான். குளிக்கும்போதுகூட.

"குழாயைக் கழட்டிட்டேன். இப்ப அமுக்கிப் பாரு. கெட்டியா இருக்கா?"

கால் தலையணைக்குள் போவதுபோலப் போனது. "இல்லங்க. பஞ்சு மாதிரி போகுது."

"மறுபடியுமா? நான் சொல்றதுக்கு முன்னாடி காலை எடுத்திருப்ப."

"எடுக்கலையே."

"பதினஞ்சு வருஷமா தையல் மெஷினை மிதிச்ச காலு. சும்மா இருன்னா இருக்குமா அது?"

அவன் சிரித்தான். அவளும் சிரித்து வைத்தாள். பக்கத்து வீட்டுச் சுவருக்கு மேலே, பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவரின் தலை தெரிந்தது. "என்னப்பா, காலையிலேருந்து ரெண்டு பேரும் ஒரே பாடத்தைப் படிக்கிறீங்க. பாஸ் ஆகுமா?"

"வண்டி பாஸ் ஆயிடும் சார். அசிஸ்டென்ட்தான் ஃபெயில்."

தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று அவன் உள்ளே போனான். அவள் இறங்கிப் பின்சக்கரத்தருகே குனிந்தாள். நட்டின் அடியிலிருந்து ஒரு எண்ணெய்க் கோடு பளபளவென்று கீழே இறங்கியிருந்தது. இரண்டு விரலால் நட்டைத் தொட்டாள். ஸ்பேனர் இல்லாமலே, ஜாடி மூடிபோல அது சுற்றியது.

அவள் விரலை எடுத்துப் புடவையில் துடைத்தாள். மறுபடி துடைத்தாள். முந்தாநாள் துணி மடிக்க அவளோடு உட்கார்ந்தபோது அவனுடைய வலது கட்டைவிரலில் ஒரு குண்டூசி ஏறியிருந்தது. அவன் அதைப் பார்க்காமலே முதலாளியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். அவள்தான் பேச்சுவாக்கில் பிடுங்கிப் போட்டாள். பேச்சில் கவனம், அதனால்தான் தெரியவில்லை என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். நட்டு இறுகிவிட்டதா இல்லையா என்று அந்த விரல்கள் அவனுக்குச் சொல்லவில்லை. சொல்லவில்லை என்பதும் அவனுக்குத் தெரியவில்லை.

அவன் வாயைத் துடைத்துக்கொண்டே வந்தான்.

"இந்த நட்டை ஒரு தடவை நான் இறுக்கிப் பாக்கட்டுமா?" என்றாள்.

"எதுக்கு?"

"சும்மாதான்."

"நான் இறுக்கினது போதலையா?" குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவள் மேலே பேசியிருப்பாள். ஸ்பேனரைப் பிடித்திருந்த கையை அவன் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். அதைப் பார்த்ததும் அவள் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அமுக்கு, விடு, அமுக்கு, பிடி. பாட்டிலில் குமிழ் நின்றுவிட்டது என்றான். "மூடிட்டேன். குழாய் அப்படியே இருக்கட்டும். நீ பிடிச்சிட்டே இரு, முன்னாடி எண்ணெய் குறைஞ்சிருக்கும், ஊத்திட்டு வர்றேன்." பானெட் திறந்து கண்ணாடியை மறைத்தது. அதற்குப் பின்னால் அவன் விசிலடிப்பது கேட்டது.

பக்கத்து சீட்டில் ஒரு குடை கிடந்தது. அதைப் பெடலுக்கும் சீட்டுக்கும் நடுவே முட்டுக் கொடுத்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினாள். ஸ்பேனர், அவன் உட்காரக் கீழே விரித்திருந்த அட்டையின் மேல் இருந்தது. கால் சுற்று, இன்னொரு கால் சுற்று. நட்டு நின்றது. அவ்வளவுதான் வேலை.

திரும்பி வந்து குடையை எடுத்துவிட்டுக் காலை வைத்தபோதுதான் திங்கட்கிழமை அவள் நினைவுக்கு வந்தது. யாரோ ஒருவருடைய கார். பின்சீட்டில் பள்ளிக்கூடப் பைகளோடு பிள்ளைகள். சாவியைக் கொடுத்துவிட்டு, மாலையில் வாங்கிக்கொண்டு, இறக்கத்தில் நம்பிப் போவார்கள். அங்கே பின்னாலேயே போய் நட்டைத் தொட்டுப் பார்க்க அவள் இருக்கமாட்டாள். இப்போதே சொல்லிவிடலாம். எந்த வார்த்தையில் தொடங்குவது? உங்க கை என்று தொடங்கினால் அடுத்து என்ன?

பானெட் சாத்தப்பட்டது. அவன் பின்னால் போய்க் குழாயைக் கழற்றினான். "விட்டுட்டு, மறுபடி அமுக்கு."

பெடல் பாதி தூரத்தில் கல்போல நின்றது.

"கெட்டியா இருக்கா?"

அவள் குடையைப் பக்கத்து சீட்டில் பழையபடி நேராக வைத்தாள்.

"ஏய், உன்னைத்தான். கெட்டியா இருக்கா இல்லையா?"

"இருக்கு."

அவன் எழுந்து, ஸ்பேனரால் காரின் கூரையை இரண்டு தட்டுத் தட்டினான். உடனே போனை எடுத்துவிட்டான். "முதலாளி, முடிஞ்சுடுச்சு. நானேதான், வேற யாரு? வீட்டுக்காரம்மா பெடல் மிதிச்சா. ஒரு வித்தியாசமும் தெரியலை முதலாளி, பழைய கைதான்."

பக்கக் கண்ணாடியில் அவன் தெரிந்தான். வானம் மூட்டமாக இருந்ததால், பிரேக் விளக்கின் சிவப்பு அவன் சட்டையிலும் வலது கையிலும் நன்றாக விழுந்தது. பேசியபடியே அந்தக் கையை விரிப்பதும் மூடுவதுமாக இருந்தான். அவளைப் பார்த்து, போதும், காலை எடு என்று சைகை காட்டினான். இன்னொரு தடவையும் காட்டினான்.

கார் ஜாக்கியின் மேலும் கற்களின் மேலும் அசையாமல் நின்றிருந்தது. அவள் பெடலை இன்னும் அழுத்தி மிதித்தாள்.