பாலகுருவின் வயிற்றுத் தழும்பு

எமிரேட்ஸின் உட்பகுதியில், மலையடிவாரத்தில் இருந்த அந்த மிஷன் ஆஸ்பத்திரி இரண்டாயிரத்து ஐந்தில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கியது. அன்று பிடித்தது சரோஜாவுக்குத் தலைவலி. அதற்கு முன் நாற்பது வருஷமாக அங்கே ஒரே சட்டம்தான்: முதலில் வைத்தியம், பிறகு விலாசம். மண் கட்டிடத்தில் இரண்டு கட்டிலோடு ஆஸ்பத்திரியைத் தொடங்கிய வெள்ளைக்கார டாக்டரம்மா வைத்த சட்டம் அது. ஒட்டகத்தில் பிரசவ வலியோடு வந்த பெண்களின் பெயரைக் கேட்டால் உடன் வந்த ஆண்கள் முகம் சுளிப்பார்களாம். அந்தக் காலத்து பைல்களில் ‘சாலிமின் தாய்’, ‘கிணற்றடி வீட்டு மூத்த மருமகள்’ என்றுதான் இருக்கும். இப்போதோ அரசாங்க ஹெல்த் கார்டு இல்லாமல் வாசலைத் தாண்ட முடியாது. கம்ப்யூட்டருக்கு வலி தெரியுமா என்று நாகர்கோவில்காரி சரோஜா சாப்பாட்டு மேஜையில் புலம்புவாள். இருபத்திரண்டு வருஷ நர்ஸ். புலம்பினாலும் வேலையில் பிசகமாட்டாள்.

ஒரு வியாழக்கிழமை காலை, பாலகுரு என்று பெயர் போட்ட கார்டோடு ஒருவன் நொண்டிக்கொண்டு வந்தான். கட்டிட சைட்டில் கம்பி பாதத்தில் ஏறி எட்டு நாள் ஆகியிருந்தது. முழங்கால்வரை வீக்கம், கொதிக்கும் காய்ச்சல். தமிழ்க்கார டாக்டர் ஹாலிதா பார்த்துவிட்டு, பென்சிலின் ஊசி எழுதிக்கொடுத்து பிரசவ அறைக்கு ஓடினாள். பாலகுருவுக்கு இரண்டு வருஷத்துக்கு முன் இதே ஆஸ்பத்திரியில் குடல்வால் ஆபரேஷன் நடந்ததும், அப்போது இதே ஊசி போட்டதும் பைலில் இருந்தன.

போன தடவை ஒத்துக்கொண்டதா என்று சரோஜா கேட்டாள். அவன் அவசரமாகத் தலையாட்டினான். அவளும் மேலே கேட்கவில்லை.

மருந்தை ஊசியில் ஏற்றித் தட்டில் வைத்துவிட்டு, தொடையிடுக்கில் நெறி கட்டியிருக்கிறதா என்று பார்க்க அவன் சட்டையை ஒதுக்கினாள். வலப்பக்க அடிவயிற்றில் ஒரு கீறல்கூட இல்லை. குடல்வால் எடுத்த வயிறா இது?

அவளுக்குப் புரிந்துவிட்டது. கபீலை, அதாவது விசா கொடுத்த முதலாளியை, விட்டு ஓடி வந்தவர்களுக்குக் கார்டு கிடையாது. நோய் வந்தால் ரூம்காரன் கார்டைத்தான் சட்டை மாதிரி இரவல் வாங்கி வருவார்கள். கார்டோடு அந்தக் கார்டுக்காரன் உடம்பையும் இரவல் வாங்கியாகிறது என்பதை மட்டும் பாவிகள் யோசிப்பதே இல்லை. ஆபீஸுக்குத் தெரிந்தால் போலீஸ், ஜெயில், ஊர்.

“தம்பி, ஒங்க பேரு எனக்கு வேண்டாம். இந்த ஊசி ஒங்களுக்கு ஒத்துக்குமா, அத மட்டும் சொல்லுங்க.”

“ஒத்துக்கும் சிஸ்டர். பைல்லயே இருக்குல்ல.”

“நான் பைலுக்கா ஊசி போடப்போறேன்?”

அவன் முகத்தை மூடிக்கொண்டு அழுதுவிட்டான். பரமக்குடியில் ஒரு தடவை இதே ஊசி போட்டுத் தொண்டை அடைத்து, பிழைத்ததே பெரும்பாடு ஆனதாம். ஆயுசுக்கும் இது கூடாது என்று அங்கே எழுதியே கொடுத்தார்களாம்.

“அப்புறம் ஏன் தலையாட்டுனீங்க?”

“கூடாதுன்னா நான் பாலகுரு இல்லன்னு தெரிஞ்சிருமே சிஸ்டர். கார்டு குடுத்த பாவத்துக்கு அவன் வேலையும் போயிரும். அவனுக்கு ரெண்டு பொம்பளப் புள்ள.”

சரோஜா ஊசியைத் தட்டோடு எட்டத் தள்ளிவைத்தாள். அவன்மேல் கோபம், கம்ப்யூட்டர்மேல் கோபம். ஒப்புக்குக் கேட்டுவிட்டு நகர இருந்த தன்மேல்தான் எல்லாவற்றையும்விடக் கோபம். நேராகப் போய் ஹாலிதாவிடம் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

ஹாலிதா கை கழுவி முடிக்கும்வரைதான் யோசித்தாள். வேறு மருந்து, வார்டில் படுக்கை, அவனுடைய சொந்தப் பெயரில் புது பைல் என்றாள். ஆபீஸில் கேட்டால் தான் பதில் சொல்லிக்கொள்வதாகவும் சொன்னாள். சொந்தப் பெயரில் மாட்டிக்கொள்ள மாட்டானா என்று சரோஜா தயங்கினாள்.

“மாட்டுனா பாத்துக்கலாம். அடுத்தவர் பைல்ல படுத்திருந்தா செத்துருவாரு சிஸ்டர்.”

கார்டு பாலகுருவுக்கே திரும்பிப் போனது. தன் பெயரைச் சொல்லக் கட்டிலில் கிடந்தவனுக்கு அரைமணி நேரம் ஆயிற்று. முனியசாமி. ஓடி வந்த இந்த மூன்று வருஷத்தில், வெளியே கேட்டுவிடுமோ என்று ரூமில்கூட யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. சரோஜா மருந்துத் தட்டோடு வார்டுக்குள் வந்து பெயர் வாசித்தாள். “முனியசாமி.” அவன் மற்ற கட்டில்களைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் இன்னொரு தடவை, கொஞ்சம் சத்தமாக வாசித்தாள்.

அவன் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தான். பள்ளிக்கூடத்தில் சொல்வதுபோல, “உள்ளேன்” என்றான்.