முதல் வரி ஹில்டாவுடையது

ஹில்டா ஐஸ் தண்ணீர் குடித்து நாற்பத்து நான்கு வருடம் ஆகிறது. ஈப்போ வெயிலுக்கும் அவள் மசிந்ததில்லை. பூசை முடிந்து கோப்பிக் கடையில் உட்கார்ந்தால், கணவர் சவரிநாதன் பாலில்லாத ஐஸ் தேநீரான தே ஓ ஐஸை உறிஞ்சிக்கொண்டிருப்பார், அவள் எதிரே சுடுதண்ணீரை ஊதி ஊதிக் குடிப்பாள். ஐஸ்கிரீம் கிடையாது, தயிர் கிடையாது, சனிக்கிழமையானால் பொரித்தது எதுவும் கிடையாது. எல்லாம் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசையில் பாட்டு எடுத்துக் கொடுக்கும் அந்தத் தொண்டைக்காக.

பாட்டு எடுத்துக் கொடுப்பதை லேசான வேலை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. சிலிம் ரிவர் பக்கம் அவள் பிறந்த ரப்பர் தோட்டத்தில் தகரக் கூரை போட்ட சின்னக் கத்தோலிக்கக் கோயில் ஒன்று இருந்தது. அங்கே ஓர் ஆர்மோனியம்கூடக் கிடையாது. மாதம் ஒருமுறை சாமியார் மோட்டார் சைக்கிளில் வந்து பூசை வைப்பார், மற்ற ஞாயிறுகளில் உபதேசியார் ஜெபம் நடத்துவார். யாராவது ஒருவர் துணிந்து முதல் வரியைத் தனியாகப் பாட வேண்டும். அவர் பிடித்ததுதான் சுருதி. மற்றவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போவார்கள். உபதேசியாருக்குச் சளி கட்டிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, பதினைந்து வயது ஹில்டா எடுத்துக் கொடுத்தாள். அந்த வேலை உபதேசியாரிடம் திரும்பிப் போகவே இல்லை.

பிறகு தோட்டத்தை விற்றார்கள். சனங்கள் ஈப்போவுக்கு வந்து ஃபிளாட்டிலும் தாமான் வரிசை வீடுகளிலும் குடியேறினார்கள். டவுன் கோயிலில் கீபோர்டு இருந்தது, மைக் இருந்தது, ஆனால் பழக்கம் மட்டும் தோட்டத்திலிருந்து அப்படியே கூட வந்துவிட்டது. முதலில் ஹில்டாவின் வாய், அப்புறம்தான் கீபோர்டு. இது தலைகீழான வரிசை என்று யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் அவளிடம் போய்ச் சொல்ல யாருக்குத் தைரியம் வரும்?

அந்தச் சனிக்கிழமை மதியம் பீடத்துக்குப் பூ வைக்கப் போனவள், போகிற போக்கில் கீபோர்டின் உறையை எடுத்துத் தூசி தட்டினாள். ஓரத்தில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. மேலே ‘அக்கா’ என்று எழுதியிருந்தது. கீழே ஞாயிற்றுக்கிழமைத் தேதிகள், ஒவ்வொரு தேதிக்கும் பக்கத்தில் பாட்டு நம்பர்கள், அதற்கும் பக்கத்தில் கூட்டல் இரண்டு, கழித்தல் மூன்று, கூட்டல் நான்கு என்று ஏதேதோ. போன வாரத் தேதி வரைக்கும் இருந்தது.

கீபோர்டு வாசிக்கும் சில்வெஸ்டர் மைக் கம்பியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தான். நாற்பது வயது, வார நாட்களில் ஏர்கோன் ரிப்பேர் செய்கிறவன், பொய் சொல்லத் தெரியாதவன்.

“சில்வெஸ்டர், இது என்னா நம்பரு?”

“அது ஒண்ணும் இல்லக்கா. சும்மா லா.”

“சும்மாவா அக்கான்னு எழுதி ஒட்டி வெச்சிருக்க?”

அவன் மைக் கம்பியைக் கீழே வைத்தான். மறுபடி எடுத்தான். கடைசியில் கீபோர்டிலிருந்த ஒரு சின்னப் பொத்தானைத் தொட்டுக் காட்டினான்.

“இத அமுக்குனா சுருதி மொத்தமா மேல போவும், கீழ வரும். நீங்க எடுத்தவொடனே நீங்க எங்க இருக்கீங்கன்னு தேடிப் புடிச்சி, இத அமுக்கிட்டுத்தான் வாசிப்பேன். முன்னாடியெல்லாம் ஒரே எடத்துல எடுப்பீங்கக்கா. இப்ப ஒரு வாரம் மேல, ஒரு வாரம் கீழ. எழுதி வெச்சா கொஞ்சம் குறி தெரியும்னு...”

“எத்தன நாளா?”

“நாலு வருசம் இருக்கும்.”

“மத்தவங்களுக்குத் தெரியுமா?”

“நம்ம குழுவுல மெலிண்டா ரெண்டாவது அடியில வாய மட்டும் அசைப்பா. அவளுக்கு அவ்ளோ மேல எட்டாது.” பிறகு அவசரமாகச் சேர்த்துக்கொண்டான். “ஆனா யாரும் ஒரு வார்த்த சொன்னது இல்லக்கா. ஒங்க மேல அவ்ளோ மரியாத.”

ஹில்டாவுக்குக் காது சுட்டது. பாடகர் குழுவில் பன்னிரண்டு பேர். பன்னிரண்டு பேரும் நாலு வருடமாக அவளை வைத்துக்கொண்டு நாடகம் ஆடியிருக்கிறார்கள். மிச்சப் பூவைக் கொத்தாகச் சாடியில் திணித்துவிட்டு, வெளியே வந்தாள்.

வீட்டில் சவரிநாதன் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். லோரி ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர், கையில் ஏதாவது வேலை இல்லாவிட்டால் அவருக்குப் பேச வராது. அவர் முன்னால் நின்று எல்லாவற்றையும் கொட்டினாள். அந்தப் பன்னிரண்டு பேரையும், அவர்கள் அப்பன் ஆத்தாளையும், கீபோர்டு செய்த கம்பெனியையும் ஒரு பிடி பிடித்தாள்.

“ஒங்களுக்கும் தெரியுமா?”

“சுருதி கிருதியெல்லாம் எனக்கு என்னா தெரியும்? வெள்ளிக்கிழம ஆனா நீ சோத்தப் பெசஞ்சிக்கிட்டே ஒக்காந்திருப்ப, திங்க மாட்ட. அது தெரியும்.”

ஹில்டா அடுப்படிக்குப் போய் நின்றாள்.

அவளுக்குத் தெரியாமலா இருந்தது? நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு தவக்கால ஞாயிறு, முதல் வரியைப் பிடிக்கப் போய்த் தொண்டை வழுக்கியது. யாரும் கவனிக்கவில்லை என்று அன்றைக்குத் தன்னையே சமாதானம் செய்துகொண்டாள். அன்றிலிருந்து வாரம் முழுக்க ஒத்திகைதான். வேலை செய்யும் பள்ளிக்கூடக் கேண்டீனில், சோற்றுப் பானை ஆவிக்குள் முகத்தை வைத்து, யாருக்கும் கேட்காமல் முதல் வரியைப் பாடிப் பார்ப்பாள். திங்கட்கிழமை ஒருநாள்தான் அவளுக்கு நிம்மதி. செவ்வாயிலிருந்து மறுபடி இஞ்சித் தண்ணீர். விட்டுவிடலாம் என்று ஒருமுறைகூட நினைத்ததில்லை. விட்டால் பாட்டே எழும்பாது, அது எழும்பாவிட்டால் அந்தக் கோயிலில் தான் யார் என்று பயம். நாலு வருடம் அந்தப் பயத்தைச் சுமந்தவளுக்கு, அது எல்லாருக்கும் தெரிந்த ரகசியம் என்று தெரிந்ததும் கோபம்தான் முதலில் வந்தது. கோபம் கொஞ்சம் ஆறியபோது, அடியில் வேறொன்று இருந்தது. இனிமேல் மறைக்க ஒன்றுமில்லை.

மறுநாள் காலை வழக்கம்போல் சீக்கிரமே கோயிலுக்குப் போனாள். சில்வெஸ்டர் அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டான்.

“இன்னிக்கு அந்தப் பொத்தானத் தொடாத. மொதல்ல நீ வாசி. எல்லாரும் அதப் புடிச்சிப் பாடுங்க. நான் கீழ ஒக்காந்துக்கிறேன்.”

“கோவமாக்கா?”

“கோவந்தான். ஆனா நான் எறங்குறது அதுக்காக இல்ல.”

சவரிநாதன் எப்போதும் உட்காரும் ஏழாவது வரிசைக்குப் போனாள். அவர் திரும்பிப் பார்த்தார், ஓரமாக நகர்ந்து இடம் கொடுத்தார். கல்யாணமாகி முப்பத்து நான்கு வருடம். திருமணப் பூசையைத் தவிர ஒருநாளும் கோயிலில் அவர் பக்கத்தில் அவள் இருந்ததில்லை.

சாமியார் வாசலில் வந்து நின்றார். எல்லாரும் எழுந்தார்கள். சில்வெஸ்டர் வருகைப் பாடலின் முதல் வரியை வாசித்தான், அழகாக, அதன் சொந்தச் சுருதியில். வாசித்து முடித்தான்.

யாரும் பாடவில்லை.

பன்னிரண்டு பேரும் மைக்கைப் பார்த்தபடி நின்றார்கள். பழக்கம் என்றால் லேசுப்பட்ட பழக்கமா அது? முதல் வரி ஹில்டாவுடையது. அதில் அடுத்தவர் வாய் வைத்ததில்லை. சில்வெஸ்டர் மறுபடி வாசித்தான். மெலிண்டா வாயைத் திறந்து, மூடி, கூட்டத்துக்குள் ஹில்டாவைத் தேடினாள். ஒவ்வொரு தலையாகத் திரும்ப ஆரம்பித்தது. சாமியார்கூட எட்டிப் பார்த்தார்.

ஹில்டாவின் தொண்டை தானாகவே தயாரானது. மூச்சு ஏறி நெஞ்சில் நின்றது. ஒரே ஒரு வரி. எடுத்துக் கொடுத்துவிட்டால் இந்தச் சங்கடம் தீர்ந்துவிடும். கூடவே அடுத்த வாரமும், அதற்கடுத்த வாரமும், வெள்ளிக்கிழமைச் சோறும் திரும்பி வந்துவிடும். முன் பெஞ்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். உதடு பிரியப் போனது.

அப்போது பக்கத்தில் ஒரு சத்தம் கிளம்பியது. சவரிநாதன் பாடினார்.

அதைப் பாட்டு என்று சொன்னால் பாட்டுக்குக் கோபம் வரும். கீபோர்டு ஒரு பக்கம் இருந்தது, அவர் வேறொரு பக்கம் இருந்தார். லோரி மேட்டில் ஏறத் திணறுகிற சத்தம். ஆனால் சொல்லெல்லாம் சரியாக இருந்தது, கொஞ்சமும் வெட்கம் இல்லை. முதல் வரியைத் தனியாளாக முழுசாகப் பாடி முடித்தார். இரண்டாவது வரியில் மெலிண்டா சேர்ந்துகொண்டாள், அவளைப் பிடித்துக்கொண்டு குழு முழுதும் ஏறியது, பிறகு கோயில் முழுதும். சவரிநாதனின் குரல் அந்தக் கூட்டத்துக்குள் போன இடம் தெரியவில்லை.

ஹில்டா கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பின்வரிசைப் பெண்மணி அவள் அழுகிறாள் என்று நினைத்துத் தோளைத் தட்டிக் கொடுத்தாள். அவளோ சிரிப்பை அடக்க முடியாமல் குலுங்கிக்கொண்டிருந்தாள். சிரிப்பு அடங்கிய பிறகு, மூன்றாவது அடியில், அவளும் சேர்ந்து பாடினாள். மெதுவாக, தனக்கு எட்டின இடத்தில். அன்று சாமியாரின் பிரசங்கத்தையும் காது கொடுத்துக் கேட்டாள், அப்படிக் கேட்டு எத்தனை வருடம் ஆகிறது. இத்தனை நாளும் அந்த நேரத்தில் காணிக்கைப் பாட்டை எங்கே பிடிப்பது என்றே யோசித்துக்கொண்டிருப்பாள்.

பூசை முடிந்து கோப்பிக் கடையில் உட்கார்ந்தார்கள். கடைக்காரப் பையன் கேட்காமலேயே சுடுதண்ணீர் கொண்டுவந்து வைத்தான். ஹில்டா அதைத் தள்ளி வைத்தாள்.

“தே ஓ ஐஸ் ஒண்ணு.”

சவரிநாதன் சுடுதண்ணீரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கிளாஸ் வந்தது. வெளியெல்லாம் வேர்த்திருந்தது. ஒரு மடக்குக் குடித்தாள். பல் கூசியது, தொண்டை சில்லிட்டது, கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. இன்னொரு மடக்குக் குடித்தாள்.

“ஏங்க பாடுனீங்க?”

“நீ பாடப் போன. கழுத்து நரம்பு தெரிஞ்சிச்சி. அதான் முந்திக்கிட்டேன்.”

அவள் உறிஞ்சுகுழலை வைத்து ஐஸைக் கிளறினாள்.

“இவ்ளோ மோசமா பாடுவீங்கன்னு முப்பத்தி நாலு வருசமா எனக்குத் தெரியாதுங்க.”

“நீ என்னிக்கு எம் பக்கத்துல ஒக்காந்த?”

ஹில்டா கிளாஸின் அடியில் மிஞ்சிக் கிடந்த ஐஸ் துண்டை எடுத்து வாயில் போட்டு, கடக்கென்று கடித்தாள்.