பையன் தலையில் போட்ட பழி

மருந்துக்கடைக்காரிக்கு நாற்பத்தெட்டு வயது. கணவர் போய் ஒன்பது வருடம். கடையையும் மகனையும் ஒற்றை ஆளாகத் தூக்கி நிறுத்தியவள். காலாவதியான மாத்திரைகளைத் திரும்ப எடுக்க மறுக்கும் கம்பெனி ஆட்களை வாசலிலேயே நிற்க வைத்துக் கேள்வி கேட்பவள். அப்படிப்பட்டவளுக்கு, மாடியில் கிளினிக் வைத்திருந்த பல் டாக்டர் ஒரு சாயங்காலம் டீ குடித்துக்கொண்டே, "நாம கல்யாணம் பண்ணிக்கலாமா?" என்று கேட்டபோது வாயடைத்துப் போனது.

டாக்டரும் மனைவியை இழந்தவர். நல்ல மனிதர். ஆறு வருடமாக, கடைசி நோயாளியை அனுப்பிவிட்டுக் கீழே வந்து, கவுண்டர் ஓரத்தில் ஸ்டூலைப் போட்டு அரை மணி நேரம் பேசிவிட்டுப் போவார். அந்த அரை மணி நேரம் அவளுக்குப் பிடிக்கும். அது முக்கால் மணியானால் கண் தானாகக் கடிகாரத்துக்குப் போய்விடும். விஷயம் அவ்வளவுதான். ஆனால் அதை ஒருவர் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது?

தங்கைக்கு அது ஒரு பெரிய காரியமாகவே தெரியவில்லை. "பையனுக்கு இஷ்டமில்லைன்னு சொல்லிடுக்கா. யார் மனசும் நோகாது."

அப்படியே சொன்னாள். "அதுவும் நியாயந்தான்" என்று டாக்டர் தலையாட்டினார். அவளுக்கு அப்பாடா என்றிருந்தது.

மூன்றாம் நாள் வெளியூரில் வேலை பார்க்கும் மகன் போன் செய்தான்.

"அம்மா, பல் டாக்டர் என்கிட்ட ஒரு மணி நேரம் பேசினார். எனக்கு முழுச் சம்மதம்னு சொல்லிட்டேன். நான் எப்பம்மா வேண்டாம்னேன்? எனக்காகவா இத்தனை வருஷம் தனியா இருந்த?"

அவளுக்குச் சுருக்கென்றது.

"இல்லடா. எனக்கேதான் வேண்டாம். அதைச் சொல்ல வாய் வராம உன் தலையில போட்டுட்டேன்."

"அப்ப இன்னிக்கே அவர்கிட்டச் சொல்லிடும்மா. ரொம்ப சந்தோஷமா இருக்கார்."

கடையைப் பூட்டிவிட்டு மாடியேறினாள். தரை துடைப்பதற்காகக் கூடத்து நாற்காலிகளைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். உட்கார மிச்சமிருந்தது நோயாளி படுக்கும் சாய்வு நாற்காலிதான். அதில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். டாக்டர் பழக்கதோஷத்தில் அவள் முகத்துக்கு மேல் விளக்கைப் போட்டுவிட்டு, சட்டென்று அணைத்தார்.

"டாக்டர், பையன் வேண்டாம்னதா நான் சொன்னது பொய். வேண்டாம்னது நான்."

அவர் கையுறையைக் கழற்றி வைத்தார்.

"என்கிட்ட ஏதாவது குறையா?"

"ஒரு குறையும் இல்ல. உங்களோட பேசப் பிடிக்கும். சேர்ந்து வாழணும்னு தோணல. தனியா இருக்கறது எனக்குப் பாரமாவே இல்ல."

"கொஞ்ச நாள் போகட்டும். மனசு மாறலாம்."

'பார்க்கலாம்' என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. சொல்லிவிட்டால் இந்த நிமிடம் சுலபமாகக் கழிந்துவிடும். ஆனால் இந்த மனிதர் அந்த ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு இன்னும் ஒரு வருடம் படியிறங்கி வருவார்.

"மாறாது. எனக்காகக் காத்திருக்காதீங்க."

அவர் கைகழுவும் தொட்டியின் பக்கம் திரும்பி, குழாயைத் திறந்து நெடுநேரம் கை கழுவினார். அவள் அவசரப்படவில்லை. தண்ணீர் நின்றபின், "பையன்கிட்டயும் நான் சொல்லிட்டேன். நீங்க திரும்ப அவனுக்கு விளக்கம் சொல்ல வேண்டியதில்ல" என்றாள்.

"சரி" என்றார், திரும்பாமலே.

இரண்டு மாதம் அவர் கடை வாசல் பக்கமே வராமல் பின்படி வழியாகவே போய் வந்தார். முதல் வாரம் சாயங்காலமானால், பல் பிடுங்கிய இடத்துக்கு நாக்கு போவதுபோல, அவள் பார்வை கடை வாசலுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஆனாலும் அவரைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் அவருக்கு மறுபடி நம்பிக்கை துளிர்க்கும் என்று தெரியும்.

ஒரு மழைநாள் மத்தியானம் குடையை உதறிக்கொண்டு அவரே கடைக்குள் வந்தார்.

"இருமலுக்கு ஏதாவது குடுங்க."

"சளி இருக்கா, வறட்டு இருமலா?"

"வறட்டு இருமல்." சற்றுத் தயங்கினார். "அன்னிக்கு உங்க மேல பயங்கரக் கோபம். வீட்டுக்குப் போய் சுவரைப் பார்த்துக் கத்தினேன்."

"இப்ப?"

"இப்ப இருமல் மட்டுந்தான்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்து, அது பாதியில் இருமலாகிவிட்டது. மருந்துப் புட்டியை எடுத்து வைத்தாள்.

"இது தூக்கம் வரவைக்கும். குடிச்சிட்டு யார் பல்லையும் பிடுங்காதீங்க."

அவர் புட்டியைப் பையில் போட்டுக்கொண்டு, முன்படி வழியாக மாடியேறிப் போனார்.